டாமியும் ராமசாமியும்

கொங்கு நாட்டிலோ காவிரிக்கரையிலோ ஏதாவது ஓர் ஊருக்குப் போய் "ராமசாமி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "எந்த ராமசாமி?" என்ற கேள்விதான் வரும். கடைக்கார ராமசாமியா, வாத்தியார் ராமசாமியா, மேலத்தெரு நெட்டை ராமசாமியா, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ராமசாமியா? ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் ஊர் குழம்புவதில்லை. ஆளுக்கொரு அடைமொழி வைத்துப் பிரித்துவிடும்.

1886ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த ஓர் அகராதி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தது. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்ற இருவர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்'தான் அது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் பேச்சில் கலந்துபோன சொற்களைத் திரட்டிய பெரிய நூல். அதில் 'ராமசாமி' ஒரு தனிப் பதிவு. அதற்கு இரண்டு பொருள் தந்திருக்கிறார்கள். தென்னாட்டில் இந்துக்களைச் சுட்டும் பொதுப்பெயர், குறிப்பாக இலங்கை முதலிய இடங்களில் வேலை செய்யும் கூலிகளைக் குறிப்பது, என்பது முதல் பொருள். வாசகருக்கு விளங்குவதற்காக ஓர் உவமையும் சேர்த்திருக்கிறார்கள்: பிரிட்டிஷ் சிப்பாய்க்கு 'டாமி அட்கின்ஸ்' என்பதைப் போல. இரண்டாவது பொருள், சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத்திரி. வெள்ளிக் குழலுக்குள் முறுக்கிச் செருகியிருப்பார்கள். அது சென்னை வழக்கு.

தமிழ் தெரியாதவர்கள் எழுதியது என்று இதை ஒதுக்க முடியாது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு விரிவான அட்டவணை செய்தவர். அகராதி அச்சாவதற்கு முன்பே, 1882இல் இறந்துபோனார். ராமசாமி என்ற பெயரின் பொருளும் அதைச் சூட்டிக்கொண்டவர்களின் வகைகளும் அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர் கைபட்ட நூலிலேயே இந்த உவமை வந்திருப்பதால்தான் அதை உரசிப் பார்க்கத் தோன்றுகிறது. டாமியும் ராமசாமியும் உண்மையிலேயே ஒன்றுதானா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். ஒரு கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் பெயரை எடுத்து அந்தக் கூட்டம் முழுவதற்கும் வைத்துவிடுவது உலகெங்கும் நடப்பது. முதல் உலகப் போரில் ஜெர்மானியச் சிப்பாய் ஆங்கிலேயர் பதுங்குகுழியைப் பார்த்து "டாமி" என்று கூப்பிட்டான். ஆங்கிலச் சிப்பாய் அவனை "ஃபிரிட்ஸ்" என்றான். ஃபிரிட்ஸ் என்பது ஃபிரீட்ரிக்கின் செல்லச் சுருக்கம். ரஷ்யச் சிப்பாய் ஜெர்மானியனுக்கு 'இவான்' ஆனான். பாப்புவா நியூகினியின் டோக் பிசின் மொழியில் பெண் என்பதற்கே 'மேரி' என்றுதான் சொல். இந்த வரிசையில் ராமசாமியையும் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பெயர் எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பின்தொடர்ந்தால் இரண்டும் வேறு வேறு திசையில் பிரிகின்றன.

டாமி பிறந்தது ஒரு படிவத்தில். 1815இல் பிரிட்டிஷ் போர்த்துறை, சிப்பாய்களின் கணக்குப் புத்தகத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட மாதிரிப் படிவங்களை வெளியிட்டது. இன்று வங்கியில் மாதிரிக் காசோலை ஒட்டியிருப்பார்களே, அதைப் போல. அந்த மாதிரியில் எழுதப்பட்ட பெயர் தாமஸ் அட்கின்ஸ். கையெழுத்துப் போடத் தெரியாத சிப்பாய் என்று வைத்துக்கொண்டு, பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போன்ற ஒரு கீறலும் போட்டிருந்தார்கள். படிவத்தை நிரப்ப உட்கார்ந்த சிப்பாய்களுக்கெல்லாம் தாமஸ் அட்கின்ஸ் அறிமுகமானான். தாமஸ், டாமி ஆனான். தங்களைத் தாங்களே டாமி என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்தப் பெயருக்கு ஒரு கதையும் உண்டு. வெல்லிங்டன் பிரபு இளம் அதிகாரியாக இருந்தபோது, போர்க்களத்தில் படுகாயமடைந்து, "பரவாயில்லை, இதுவும் வேலையில் ஒரு பகுதிதான்" என்ற தொனியில் பேசிவிட்டு உயிர்விட்ட ஒரு சிப்பாயின் பெயர் தாமஸ் அட்கின்ஸ் என்றும், பிற்காலத்தில் படிவத்துக்குப் பெயர் தேவைப்பட்டபோது அவனை நினைத்து வெல்லிங்டன் அதை எழுதச் சொன்னார் என்றும் சொல்வார்கள். ஆதாரம் உறுதியானதல்ல. ஆனால் அந்தக் கதையை உண்டாக்கிப் பரப்பினார்களே, அதுதான் எனக்கு முக்கியம். படிவத்தில் இருந்த வெறும் பெயருக்கு ஒரு முகமும் காயமும் கடைசிச் சொல்லும் கொடுக்க அந்தச் சமூகம் ஆசைப்பட்டது. ராமசாமிக்கு அப்படி ஒரு கதை கட்டவேண்டும் என்று ஆங்கிலேயரில் எவருக்கும் தோன்றவில்லை.

டாமிக்கு எப்போதும் மரியாதை இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரணச் சிப்பாய் என்றால் குடிகாரன், போக்கிடம் இல்லாதவன் என்ற எண்ணமே நிலவியது. ருட்யார்ட் கிப்ளிங் 1890இல் எழுதிய 'டாமி' என்ற கவிதை அந்த மனக்குறையைத்தான் சிப்பாயின் வாயாலேயே பேசுகிறது. சாராயக் கடையிலும் நாடகக் கொட்டகையிலும் சீருடைக்காரனைத் துரத்தியடிக்கிறவர்கள், போர் மூண்டதும் அவனை வாயாரப் புகழ்கிறார்களே என்பது அவன் முறையீடு. ஆக, டாமி என்பது இழிவும் கலந்த பெயராக இருந்த காலமும் உண்டு. ஆனாலும் அந்த இழிவைத் தட்டிக்கேட்க டாமிக்கு அவன் மொழியிலேயே ஒரு கவிஞன் கிடைத்தான். அவன் பேசியதைப் படித்து வெட்கப்பட ஒரு நாடும் இருந்தது.

1914க்குப் பிறகு எல்லாம் மாறிற்று. வீட்டுக்கு ஒரு டாமி என்று ஆனபின் அந்தப் பெயரில் இளக்காரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மேற்கு முனைப் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஹாரி பாட்ச், 2009 ஜூலை 25 அன்று தன் 111ஆம் வயதில் காலமானபோது, கடைசிப் போர் டாமி என்றே அவரைச் சொல்லி நாடு வழியனுப்பியது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சீஹாம் என்ற ஊரில், துருவேறிய எஃகால் செய்த ஒரு சிப்பாய் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். ரே லான்ஸ்டேல் என்ற சிற்பி 2014இல் செய்தது. சிற்பி வைத்த பெயர் '1101', அதாவது போர் ஓய்ந்தபின் வந்த முதல் நிமிடம். ஊர்க்காரர்கள் அதை டாமி என்றுதான் சொல்கிறார்கள். தற்காலிகமாக வந்த சிலையைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், தாங்களே பணம் திரட்டி ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

இனி ராமசாமியைப் பார்ப்போம்.

ராமசாமியும் ஒரு தாளில்தான் அகப்பட்டான். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துக்காரர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கூடவே ஓர் எண். தாளில் இவ்வளவு விவரம் இருந்தும், கரும்புத் தோட்டத்தில் இறங்கியபின் அவை எதற்கும் பயனில்லை. முனுசாமி, கோவிந்தசாமி, வீராசாமி, ரங்கசாமி, குப்புசாமி என்று வந்தவர்களின் பெயர் வால்களை மட்டும் நறுக்கி எடுத்து எல்லாருக்கும் 'சாமி' என்று ஒரே பெயரை வைத்தார்கள். தலையில் கூடை வைத்து வாழைப்பழமும் கீரையும் விற்ற பெண்களுக்கு 'மேரி' என்று பெயர். டாமியின் விஷயத்தில் கற்பனைப் பெயர் ஒன்று உண்மை மனிதர்களைப் போய்ச் சேர்ந்தது. இங்கே உண்மைப் பெயர்கள் இருந்தும் அவற்றை அழித்துத்தான் கற்பனை மனிதன் ஒருவனை உண்டாக்கினார்கள்.

காந்தி 1893இல் டர்பன் போய்ச் சேர்ந்தபோது இந்த வழக்கு வேரூன்றியிருந்தது. அவரையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். சத்திய சோதனையில் அவர் இந்தச் 'சாமி'யைப் பற்றி எழுதியிருப்பதை ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களின் இறுதியில் வரும் சொல் இது, வடமொழி சுவாமியின் வேறு வடிவம், தலைவன் என்று பொருள் என விளக்கிவிட்டு ஒரு காட்சியைச் சொல்கிறார். சாமி என்று அழைக்கப்பட்டதில் மனம் நொந்த இந்தியன், சற்றுத் துணிச்சலும் சமயோசிதமும் உள்ளவனாக இருந்தால், "என்னைச் சாமி என்கிறீர்களே, சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே" என்று திருப்பிக் கேட்பானாம். சில வெள்ளையர்கள் கூசிப்போவார்கள். சிலர் கோபத்தில் திட்டுவார்கள், அடிக்கவும் செய்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை சாமி என்பது வசைச்சொல். அதற்கு எஜமான் என்று பொருள் சொல்வதே அவர்களை அவமதித்ததாகிவிடும்.

இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். சாமி என்பது நாம் கடவுளைக் கூப்பிடும் சொல். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் சொல். தஞ்சைப் பண்ணைகளில் உழைத்தவன் மிராசுதாரைக் கைகட்டி நின்று அழைத்ததும் இதே சொல்லால்தான். அப்படி அழைத்துப் பழகியவன் கடல் கடந்து போனான். அதே சொல்லால் அவனையே எட்டி உதைத்தார்கள். சொல்லின் பொருளை மாற்றுவது அகராதி அல்ல, அதைச் சொல்கிறவன் நிற்கும் உயரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு வேறுபாடு கண்ணில் படும். டாமிக்கு எதிரே ஃபிரிட்ஸ் இருந்தான். ராமசாமிக்கு எதிரே யார் இருந்தார்கள்? தோட்ட மேலாளர் 'பெரிய துரை', உதவி மேலாளர் 'சின்ன துரை'. ஆங்கிலேயரில் ஜான்கள் மலிந்திருந்தும் எந்தத் தோட்டத் தொழிலாளியும் துரைமார்களைப் பார்த்து "ஏ ஜான்" என்று பொதுவாகக் கூப்பிட்டுவிட முடியாது. பட்டப்பெயர் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்தது. இருபுறமும் வீசப்படும் பெயரில் விரோதம் இருக்கலாம், ஆனால் ஒருவித சமநிலை இருக்கும். ஒருபுறம் மட்டும் வீசப்படும் பெயரில் அது இல்லை.

மலையகத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கே தனிப் பொருள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் வேலைக் கணக்குதான் பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்து, சொன்ன அளவு கொழுந்து பறித்துக் கொடுத்தால் ஒரு பேர். அளவு குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் கூலி. "இன்னிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்லும் பெண்ணின் குரலில், மனிதரின் பெயரையும் கூலியையும் ஒன்றாக்கிவிட்ட நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. டாமியின் கணக்குப் புத்தகத்திலும் சம்பளம்தான் எழுதினார்கள். ஆனால் இங்கிலாந்தில் எவர் பெயரையும் பாதியாக வெட்டவில்லை.

அகராதி தந்த இரண்டாவது பொருளை நான் இன்னும் தொடவில்லை. சுருட்டுத் திரிக்கு ஏன் ராமசாமி? உழைப்பாளியின் பெயரைக் கருவிக்கு வைப்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். நம் மெக்கானிக்குகள் காரைத் தூக்க வைக்கிறார்களே ஜாக்கி, அது ஜாக் என்ற ஆள்பெயர்தான். எடுபிடிப் பையன்களுக்கெல்லாம் ஜாக் என்று பொதுப்பெயர் இருந்தது. பையன் செய்த வேலையைச் செய்யும் பொறி வந்ததும் பெயர் பொறிக்குப் போயிற்று. பாக்ஸ் ஸ்பானரைத் திருப்பச் செருகும் இரும்புக் கம்பிக்கு டாமி பார் என்று பெயர். பட்டாளத்தில் உணவு சூடாக்கும் சின்ன அடுப்பு டாமி குக்கர். (அமெரிக்கத் திரைப்படங்களில் வரும் டாமி கன் இந்த வகையில் சேராது. அது தாம்ப்சன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது.) கைக்கு அருகே நின்று நெருப்புக் காட்டிய வேலைக்காரனின் பெயர் அவன் கையிலிருந்த திரிக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஜாக்கியும் டாமி பாரும் உழைப்பவன் தானே பிடித்து வேலை செய்யும் கருவிகள். ராமசாமி எஜமானின் சுருட்டைப் பற்றவைத்துத் தானும் எரிந்து குறையும் திரி.

அந்த அகராதியின் தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முஹர்ரம் நாளில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுது போன ஊர்வலத்தைப் பார்த்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், அந்த ஓலத்தைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஆக்கிக்கொண்டார்கள். கர்பலாவில் மாண்ட ஹுசைனின் பெயரும் அவர் அண்ணன் பெயரும் இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் ஆயின. ராமசாமியைப் பொதுப்பெயராக்கிய நூல், டாமியின் வாயில் சிதைந்த இரண்டு பெயர்களையே தன் தலையில் சூடிக்கொண்டது. தொகுத்தவர்களுக்கு அது சுவையான பெயராகப் பட்டது. துக்கம் கொண்டாடியவர்களை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நூல் அச்சான 1886இல் ஈரோட்டில் ஈ.வெ. ராமசாமிக்கு வயது ஏழை ஒட்டியிருக்கும். சி.பி. ராமசாமி ஐயரும் அதே 1879இல் பிறந்தவர்தான். ஒருவர் சாமியே இல்லை என்று ஊர் ஊராகப் பேசியவர். மற்றவர் திருவிதாங்கூர் திவானாகி மன்னராட்சிக்குத் தூணாக நின்றவர். 1887இல் பிறந்த ஆற்காடு ராமசாமி முதலியார், 1946இல் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கொள்கையிலும் குணத்திலும் இந்த நால்வரில் இரண்டு பேரைக்கூட ஒரு தட்டில் வைக்க முடியாது. 'எந்த ராமசாமி?' என்று கேட்காமல் இவர்களைப் பற்றிப் பேசவே இயலாது.

தென்னாப்பிரிக்காவிலும் சாமிகள் பொதுப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, கடுங்குளிரில் சாலைவேலை செய்ய வைக்கப்பட்டு, 1909 ஜூலையில் இறந்த சாமி நாகப்பனுக்கு வயது 18. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்து, துறைமுகம் துறைமுகமாக இறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டவர் நாராயணசாமி. 1914இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையோடு சேர்த்து இவர்கள் பெயரைக் காந்தி திரும்பத் திரும்பச் சொன்னார். சாமி, மேரி என்று கூட்டமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடையிலிருந்து நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக எழுந்து வந்தன. நாகப்பனும் வள்ளியம்மையும் ஜோகானஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில், தங்கள் பெயர் பொறித்த கல்லின் கீழ் உறங்குகிறார்கள்.

ஆகவே அகராதியின் உவமை பிழை என்பதே என் முடிவு. பொதுப்பெயருக்குள் போன டாமிக்குத் திரும்பி வர வழி திறந்தே இருந்தது. எந்த நேரமும் அவன் ஹாரி பாட்ச் ஆகலாம். ராமசாமிக்கு அந்தக் கதவைச் சாத்தியிருந்தார்கள். திறந்தவர்கள் உள்ளே இருந்தவர்களேதான், அதற்கு உயிரையும் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்த குற்றம் என்று எழுதி முடித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் 'குப்பனும் சுப்பனும்' என்று நாம் சொல்கிறோமே, அது என்ன? பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு வாங்கி, குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒரு தாய் பயத்தோடும் ஆசையோடும் வைத்த காப்புப் பெயர் குப்பன். சுப்பன் முருகனின் பெயர். இவை இரண்டையும் சேர்த்து, 'குப்பனுக்கும் சுப்பனுக்கும் என்ன தெரியும்?' என்று மேடையிலும் பத்திரிகையிலும் நாம் பேசுகிறோம். நரைத்த தலை உழைப்பாளியை மேல்சாதிச் சிறுவன் 'டேய்' போட்டுப் பெயர் சொல்லி அழைத்த தெருக்களிலிருந்துதான் அந்த வழக்கு வந்தது. தோட்டத்துத் துரை புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் கண்டிச்சீமைக்கோ, நேட்டாலுக்கோ, மலேயாவுக்கோ கப்பலேறிப் போனவர்கள் இருந்தால், அவர்கள் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் இன்றே எழுதி வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அங்கிருந்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கப்பல் பதிவேட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, நம் ஊர்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். "எந்த ராமசாமி?" என்று அவர்களிடம் கேட்டு, இந்த ராமசாமி என்று வீட்டைக் காட்ட இங்கே யாராவது இருக்க வேண்டும்.